பாசிக்கு மருந்து ஊற்றாதீர்கள்

செடி வளர்க்கும் மீன்தொட்டிகள் சென்னையில் பெருகிவிட்டன. பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, ஐ.டி. நிறுவனத்தின் வாசல் கூடம், அடுக்குமாடி வீட்டில் டி.வி.க்குப் பக்கத்து மேசை என்று எங்கும் பார்க்கலாம். அவற்றைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். பக்கெட், சைஃபன் குழாய், நீளக் கத்தரி, கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்ட ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு, இவைதான் என் கருவிகள். புதிதாக அழைப்பவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: “அண்ணா, தொட்டியெல்லாம் பாசி. என்ன மருந்து ஊத்தணும்?”

எதையும் ஊற்றாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. இன்னும் ஒரு படி மேலே போயும் சொல்கிறேன். பாசிக்கொல்லி பாட்டில்களையும், ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் சக்கர் மீனையும் பாசிக்குத் தீர்வாக விற்பதைக் கடைகள் நிறுத்த வேண்டும். முதலாவது தொட்டியைக் கெடுக்கிறது, இரண்டாவது ஏரியைக் கெடுக்கிறது. பாசி வருவதற்கான காரணத்தை இரண்டும் தொடுவதே இல்லை.

குழந்தைகள் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் மூன்றடித் தொட்டி. செர்ரி இறால்களும் நத்தைகளும் நிறைய இருந்தன. ஊசி போட வந்த பிள்ளைகள் அழுகையை மறந்து அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் பச்சை படிந்தது என்று வரவேற்பில் இருந்த பெண் கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி, மூடி கணக்கில் ஊற்றிவிட்டார். மறுநாள் காலை இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தப் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பார்த்த அளவில் அது தாமிர உப்பு. பாசிக்கொல்லிகள் பலவற்றின் சரக்கு அதுதான். நம் ஊரில் மயில்துத்தம் என்று சொல்லும் தாமிர சல்ஃபேட்டும் அந்த வகை. இறாலுக்கும் நத்தைக்கும் தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே விஷம். தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவு கடுமையாக அது வேலை செய்யும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் வீட்டில் அதே அளவு மருந்து இன்னும் பெரிய கொலைகாரன். அந்தப் பெண்ணை நான் எப்படிக் குறை சொல்வேன்? இறால் இருக்கிறதா என்று கடையில் யாரும் அவரைக் கேட்கவில்லை, பாட்டிலும் அவரிடம் எதையும் சொல்லவில்லை.

பாசி சாகவில்லையா என்றால், செத்தது. செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகியது. அழுகும்போது ஆக்சிஜன் குறைந்தது, அம்மோனியா ஏறியது. சில வாரங்களில் பாசி திரும்பி வந்தது. காலையில் கிளினிக் திறக்கும்போது போட்ட விளக்கை இரவு ஷட்டர் இறக்கும்போதுதான் அணைத்துக்கொண்டிருந்தார்கள், அதில் எந்த மாற்றமும் இல்லையே.

இன்னொரு வகை பாட்டில், ‘திரவ கார்பன்’ என்று விற்கப்படுவது. அவற்றில் பலவற்றின் அடிப்படை குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள். மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப்பிக் கருவிகளைக் கிருமி நீக்க இதைத்தான் 2 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கையுறை போட்டு, காற்றோட்டமான அறையில் கையாள்கிறார்கள். ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும், தோலில் பட்டால் புண்ணாகும். நம் ஆட்கள் மருந்துக்கடையில் அதே கரைசலை லிட்டர் கணக்கில் வாங்கி, சமையலறை மேடையில் வைத்து, வெறுங்கையால் சிரிஞ்சில் உறிஞ்சி ஊற்றுகிறார்கள். பக்கத்திலேயே குழந்தை நிற்கும். கரும்பாசியை அது கொல்லும், உண்மைதான். வாலிஸ்நேரியா போன்ற செடிகளையும் கரைத்துவிடும். மூன்றாவதாக எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் ஒன்று உண்டு, நீலப்பச்சைப் பாசிக்காக. அழகுக்காக வைத்த தொட்டியில் மனித உயிர் காக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கரைத்து, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். கிருமிகள் மருந்துக்குப் பழகிப் போவதைப் பற்றி உலகமே கவலைப்படும் காலம் இது.

எங்கள் அப்பா கொளத்தூரில் வாடகை இடத்தில் சிமென்ட் தொட்டி கட்டி மோலி, கப்பி இனங்களைக் குஞ்சு போட வைத்து வளர்த்தவர். அவருக்குப் பச்சைத் தண்ணீர் என்றால் உயிர். சாணத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் ஊற வைத்து வெயிலில் நிற்கும் தொட்டியில் கரைப்பார். தண்ணீர் பச்சை கட்டும். அதில் டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சி பெருகும். அதைத் தின்று குஞ்சு கொழுக்கும். வெயிலும் சத்தும் சேர்ந்தால் பாசி தானாக வரும் என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் கைப்பாடம். வளர்ப்பவருக்குத் தெரிந்த இந்த விஷயம், கவுன்டரில் நின்று விற்பவரின் வாயிலிருந்து வாங்குபவர் காதுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். பாசியை வரவழைக்கும் வழி தெரிந்தால், அதை வரவிடாமல் தடுக்கும் வழியும் அதிலேயே இருக்கிறது.

முதலில் வெளிச்சம். இப்போது வரும் எல்இடி விளக்குகள் மிகவும் பிரகாசமானவை. தொட்டி வாங்கியவர், செடி நன்றாக வளரட்டும் என்று முழு வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரிய விடுகிறார். செடி வளர்வது வெளிச்சத்தால் மட்டுமா? கரியமில வாயு வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. மேலும், தண்ணீரில் அந்த வாயு நகரும் வேகம் காற்றில் நகர்வதைப்போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வாயு இல்லாமல் விளக்கை மட்டும் கூட்டுவது, செடியைப் பந்தியில் உட்கார வைத்து இலை போட்டுவிட்டுச் சோறு பரிமாறாமல் விடுவது போன்றது. பாசிக்கு அந்தக் கவலை இல்லை. அதன் உடல் மிகச் சிறியது. உடலின் பருமனோடு ஒப்பிட்டால் தண்ணீரைத் தொடும் பரப்பு மிக அதிகம். கிடைக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். செடிக்குப் பயன்படாத வெளிச்சம் அப்படியே அதற்குப் போகிறது.

ஆகவே, புதுத் தொட்டிக்கு ஒரு நாளில் ஆறு மணி நேர வெளிச்சம் போதும். செடிகள் வேர் பிடித்துத் துளிர்விட்ட பிறகு எட்டு மணி நேரம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். ஜன்னலோரத்தில் தொட்டி வைத்திருந்தால் காலை வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைக் கையால் செய்ய முடியாது. மறந்துவிடுவோம், ஊருக்குப் போவோம். பிளக்கில் செருகும் ஒரு டைமர் இதைச் செய்யும். பாசிக்கொல்லி பாட்டில்கள் சிலவற்றின் விலையில் அது கிடைக்கிறது, பல ஆண்டு உழைக்கிறது. தொட்டியோடு டைமரையும் சேர்த்துக் கொடுக்காத கடையை நல்ல கடை என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது நம் தண்ணீர். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். சென்னையின் பெரும்பாலான போர் தண்ணீர் கடினமானது, பி.எச். எட்டை ஒட்டி நிற்கும். அத்தகைய நீரில் கரைந்த கரியமில வாயு சொற்பம். அதே நேரம் பைகார்பனேட் நிறைய இருக்கும். சில செடிகள் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, செரட்டோஃபில்லம் ஆகியவை அந்த வகை. பள்ளியில் புனலைக் கவிழ்த்து, சோதனைக் குழாயில் ஆக்சிஜன் குமிழி பிடித்த பரிசோதனை நினைவிருக்கும். ஹைட்ரில்லாவுக்குச் சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டால் குமிழி வேகமாக வரும் என்று ஆசிரியர் காட்டியிருப்பார். அந்தச் செடி நம் குளத்துச் செடி, நம் தண்ணீருக்குப் பழகியது. அதை விட்டுவிட்டு, கரைந்த வாயுவை மட்டுமே நம்பி வாழும் கபோம்பாவை போர் தண்ணீரில் நட்டால், இலை உதிரும், உதிர்ந்த இலையில் பாசி ஏறும். விலை உயர்ந்த சிவப்புச் செடிகளின் கதையும் பெரும்பாலும் இதுவே. கடையில் செடி வாங்குமுன் “உங்க வீட்ல என்ன தண்ணி?” என்று கேட்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சிலிண்டர் வைத்து வாயு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவை இலக்காக வைப்பார்கள். தொட்டிக்குள் ஒட்டும் சிறு கண்ணாடிக் குமிழில் நிறம் மாறும் திரவம் இருக்கும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு தொடங்க வேண்டும், விளக்கோடு நிற்க வேண்டும். சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பெப்சி பாட்டில் முறை இளைஞர்களிடம் பிரபலம். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் நம் ஊர் வெக்கையில் அந்தப் பாட்டில் ஒரு நாள் பொங்கும், மறுநாள் அடங்கும். வாயு அளவு இப்படி ஏறி இறங்கும் தொட்டிகளில்தான் கரும்பாசியை அதிகம் பார்க்கிறேன். நிலையில்லாத வாயுவைவிட, வாயுவே இல்லாமல் குறைந்த வெளிச்சத்தில் எளிய செடிகள் வளர்ப்பது எவ்வளவோ மேல்.

சத்துக்களைப் பற்றிய சண்டை இந்தத் துறையில் பழையது. 1990களின் நடுவில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரு ஆர்வலர்கள் ஒரு வழி சொன்னார்கள். நைட்ரேட், பொட்டாசியம், நுண்சத்து எல்லாவற்றையும் செடிக்குக் கொடு, பாஸ்பேட்டை மட்டும் கொடுக்காதே. செடி நன்றாக வளர்ந்து தண்ணீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச பாஸ்பேட்டையும் உறிஞ்சிவிடும், பாசி பட்டினி கிடக்கும் என்றார்கள். பலருக்கு அது பலித்தது. பிறகு அமெரிக்கரான டாம் பார் வந்து, செடி நிறைந்த தொட்டியில் பாஸ்பேட்டை வேண்டுமென்றே போட்டுக் காட்டினார். பாசி வரவில்லை. எல்லாச் சத்தையும் தாராளமாகக் கொடுத்து, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிக் கணக்கைச் சீர்செய்வது அவர் முறை.

ஏரி ஆய்வுகளோ பாஸ்பரஸைத்தான் குற்றவாளி என்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 226 என்ற எண் கொண்ட ஏரியின் நடுவே திரை கட்டி, டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் ஒரு பாதியில் கார்பன், நைட்ரஜனோடு பாஸ்பரஸும் கலந்தார்கள். மறுபாதியில் பாஸ்பரஸ் மட்டும் இல்லை. பாஸ்பரஸ் விழுந்த பாதி பச்சைப் பசேல் என்று மாறியது, மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் பாடநூல்களில் இடம்பெற்றது. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அது வலுச் சேர்த்தது.

அப்படியானால் தொட்டியில் ஏன் வேறு முடிவு? விடை இன்னொரு ஏரி ஆய்விலேயே இருக்கிறது. ஆழமில்லாத ஏரிகளை ஆராய்ந்த நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் அவர் தோழர்களும் 1993இல் விளக்கியது இது: ஒரே அளவு சத்துள்ள ஏரி இரண்டு நிலைகளில் இருக்க முடியும். அடியில் செடி மண்டியிருந்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும். செடி அழிந்துவிட்டால் அதே ஏரி பச்சையாகக் கலங்கிப்போகும். ஒரு நிலைக்குப் போய்விட்டால் அதிலேயே பிடிவாதமாக நிற்கும். வீட்டுத் தொட்டி என்பது ஆழமில்லாத ஒரு சின்ன ஏரிதானே. செடி எவ்வளவு என்பதை வைத்துத்தான் சத்து நல்லதா கெட்டதா என்று முடிவாகிறது. நான்கு செடி நட்டு நடுவில் வெறும் மணலை விட்டு அழகு பார்க்கும் தொட்டியில் சியர்ஸும் பலிக்க மாட்டார், பாரும் பலிக்க மாட்டார்.

இதனால்தான் முதல் நாளே தொட்டியின் அடித்தளத்தில் முக்கால் பங்கை மூடும் அளவுக்குச் செடி நடுங்கள் என்கிறேன். விலை உயர்ந்தது வேண்டாம். வேகமாக வளரும் ஹைக்ரோஃபிலா, வாலிஸ்நேரியா போதும். மேலே கொஞ்சம் மிதக்கும் செடி விடுங்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட செடித்தொட்டிச் சூழலியல் நூலில் இதை அழுத்தமாகச் சொல்கிறார். மிதக்கும் செடியின் இலை காற்றில் இருப்பதால் கரியமில வாயுவுக்கு அது ஏங்குவதில்லை, வேரோ தண்ணீரில் இருந்து சத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கூடவே நிழலும் தருகிறது. தொட்டி நிலைத்து, கீழே உள்ள செடிகள் வளர்ந்த பிறகு அதை எடுத்துவிடலாம்.

புதுத் தொட்டியில் ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை பொறுமை வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு காலம் பிடிக்கும். அந்த நாட்களில் கண்ணாடியிலும் இலையிலும் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு படலம் வரும். அது டயாட்டம். விரலால் தேய்த்தாலே போய்விடும், தொட்டி முதிர்ந்தால் தானாகவே குறையும். இந்தப் படலத்தைப் பார்த்துப் பயந்துதான் முதல் பாட்டிலை வாங்குகிறார்கள். மருந்து ஊற்றினால் குடியேற வந்த பாக்டீரியாவும் அடிபடும் ஆபத்து உண்டு. தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளி விழுந்தால் கார்டால் சுரண்டினால் போதும். நூல்பாசியைப் பல் துலக்கும் பிரஷில் சுற்றி எடுத்துவிடலாம். நூடுல்ஸ் போலச் சுருண்டு வரும். பச்சைத் தண்ணீருக்குத் தொட்டியைச் செய்தித்தாளாலோ போர்வையாலோ மூடி மூன்று நான்கு நாள் இருட்டில் வையுங்கள், பிறகு பாதித் தண்ணீர் மாற்றுங்கள். நாற்றமடிக்கும் வழவழப்பான நீலப்பச்சைப் படலம் உண்மையில் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதற்கும் குழாயால் உறிஞ்சி எடுத்தபின் அதே இருட்டு வைத்தியம். கரும்பாசிதான் பிடிவாதக்காரன். அது சிவப்புப் பாசி இனம், சாராயத்தில் போட்டால் பச்சையம் கரைந்து சிவப்பு தெரியும். அது ஏறிய பழைய இலையைக் காப்பாற்ற முயலாமல் வெட்டி எறியுங்கள். கல்லில் ஏறியிருந்தால் வெளியே எடுத்துத் தேய்த்து வெயிலில் காய வையுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். ஃபில்டர் அடைத்து ஓட்டம் குறைந்திருக்கும், அல்லது வாயு நிலையில்லாமல் இருக்கும்.

தீனியைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்குள் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பெரும்பாலும் வருவது மீன் தீனி டப்பாவிலிருந்துதான். அலுவலகத் தொட்டிகளில் அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லோரும் ஆசையாக ஒரு சிட்டிகை போடுகிறார்கள். ஒருவரிடம் மட்டும் டப்பாவை ஒப்படையுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். வாரத்தில் ஒரு நாள் போடாமல் இருந்தால் மீன் சாகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின், ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கோடையில் எல்லாக் கணக்கையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை சென்னையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் குறைவாகவே கரையும். செடி வாடும், பாசி சளைக்காது. இரவில் மின்சாரம் போனால் ஃபில்டரும் நிற்கும். நான் பராமரிக்கும் தொட்டிகளில் அந்த மாதங்களில் விளக்கு நேரத்தைச் சுருக்கி, தீனியைக் குறைத்து, மேலே ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பைப் பார்த்து வைக்கிறேன். நீர் ஆவியாகும்போது ஓரிரு டிகிரி இறங்கும்.

இனி சக்கர் மீன். கடையில் விரல் நீளத்தில், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, பார்க்க வேலைக்காரன் போலத்தான் இருக்கும். “இதை விட்டா தொட்டியைத் தொடவே வேணாம் சார்” என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதன் அறிவியல் பெயர் பிடெரிகோப்ளிக்திஸ், சொந்த ஊர் தென் அமெரிக்கா. குஞ்சாக இருக்கும்போது பாசி மேயும். ஓரடிக்கு மேல் வளரும். வளர வளர மீன் தீனியே அதற்குப் பிடிக்கும். அகன்ற இலைகளைச் சுரண்டி ஓட்டையாக்கும். அது போடும் கழிவு மற்ற எல்லா மீன்களின் கழிவையும் மிஞ்சும். பாசியைக் குறைக்க வாங்கியது பாசிக்கே உரம் போடுகிறது. இரண்டடித் தொட்டியில் ஓரடி மீனை என்ன செய்வது? கொல்ல மனம் வராது. பாவம், பிழைத்துப் போகட்டும் என்று ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல மனதோடு செய்யும் மிகப் பெரிய கெடுதல் இது.

உடம்பெல்லாம் எலும்புத் தகடு, அதனால் அதைத் தின்ன நம் ஏரிகளில் ஆள் குறைவு. ஆக்சிஜன் இல்லாத சாக்கடை நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், ஆண் மீன் காவல் காக்கும். கரை இடியும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும் திருவனந்தபுரத்தின் நீர்நிலைகளிலும் அது பெருகியதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளிலும் மீனவர் வலையில் அது ஏறுகிறது. முள்ளும் தகடும் மாட்டி வலை கிழியும், விற்றால் வாங்க ஆள் இல்லை. மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் அது பரவி, அங்கே ஜிலேபி மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் வாழ்க்கையைச் சிதைத்தது. உள்நாட்டு மீனைத் தின்று தீர்க்கிறது என்று ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை நாம் தடை செய்திருக்கிறோம். அதே அக்கறையைச் சக்கர் மீன் விஷயத்திலும் காட்ட வேண்டும்.

பாசி மேயும் உயிர் வேண்டுமென்றால் நல்ல தேர்வுகள் உண்டு. ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த தகாஷி அமானோ, செடித்தொட்டிக் கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர், 1980களின் தொடக்கத்தில் காரிடினா மல்டிடென்டாட்டா என்ற இறாலைப் பாசி மேய்க்கப் பயன்படுத்தினார். இன்று அது அமானோ இறால் என்றே அழைக்கப்படுகிறது. அதன் குஞ்சுப் பருவத்துக்கு உப்புநீர் வேண்டும், வெறும் நன்னீரில் பெருகாது. நெரைட் நத்தையும் அப்படித்தான். கண்ணாடியில் வெள்ளை முட்டை ஒட்டுமே தவிர நன்னீரில் குஞ்சு வராது. ஏரிக்குத் தப்பிப் போனாலும் குடும்பம் நடத்த முடியாத உயிர்கள் இவை. ஆனால் ஒன்று, அமானோகூட இறாலைக் கூலியாளாகத்தான் வைத்திருந்தார். அவர் தொட்டிகள் தெளிவாக இருந்ததற்கு முதல் காரணம் அவற்றில் செடி மண்டிக் கிடந்ததும் தண்ணீர் தவறாமல் மாற்றப்பட்டதும்தான்.

செடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் ஹைட்ரில்லா 1950களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே கால்வாய்களையும் ஏரிகளையும் அடைத்துக்கொண்டு இன்றுவரை அரசைச் செலவழிக்க வைக்கிறது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா அருகே ஆவளப் பாண்டியில் தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்தது என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்தார்கள். பூத்தது கபோம்பா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன்தொட்டிச் செடி. வெட்டிய தண்டில் ஒரு கணு கிடைத்தாலே முளைக்கும். கத்தரித்த செடியையும் எடுத்த மிதவையையும் மாடியில் காய வைத்துப் பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள். சாக்கடையிலும் மழைநீர்க் கால்வாயிலும் போடாதீர்கள்.

கடைக்காரர்கள் என் எதிரிகள் இல்லை. பலர் என்னோடு வளர்ந்தவர்கள். பாட்டில் விற்றால் அவர்களுக்கு உடனே காசு, ‘விளக்கைக் குறை’ என்ற அறிவுரைக்குக் காசு கிடையாது என்பதும் தெரியும். அவர்களைக் கேட்கிறேன், டைமரை விற்றுக்கொள்ளுங்கள், வேகமாக வளரும் செடியைக் கட்டுக்கட்டாக விற்றுக்கொள்ளுங்கள், அதில் லாபம் பாருங்கள். பாசி வராத தொட்டி வைத்திருப்பவர் இரண்டாவது தொட்டி வாங்குவார். மருந்து ஊற்றி மீனைச் சாகடித்தவர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்.

மீன்வளத் துறையிடம் கேட்பது மூன்று. மீன்தொட்டி மருந்து எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது, எந்த உயிருக்கு ஆகாது என்பது தமிழில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சக்கர் மீன் விற்பனையை நிறுத்த வேண்டும். அதுவரை, வளர்ந்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு விற்ற கடையுடையது என்று விதி வர வேண்டும். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், நம் போர் தண்ணீருக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற செடித்தொட்டிக் கையேடு ஒன்றைத் தமிழில், ஒரே தாளில், எல்லாக் கடைகளிலும் ஒட்டும்படி எழுதித் தர வேண்டும். கொளத்தூர் போன்ற வணிக மையம் உள்ள மாநிலத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: இந்த வாரம் பாசி கண்ணில் பட்டால் கடைக்கு ஓடாதீர்கள். விளக்கை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், கையால் எடுக்க முடிந்த பாசியை எடுங்கள், பாதித் தண்ணீர் மாற்றுங்கள், ஒரு கட்டு வாலிஸ்நேரியா நடுங்கள். மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். தொட்டியில் சக்கர் மீன் இருந்தால் அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஏரியில் விடாதீர்கள்.